மேம்படுத்தலுக்குப் பிறகு எழாத ரெய்டு: எந்த வழியில் மீட்பது?

லினக்ஸை அடுத்த பதிப்புக்கு உயர்த்திவிட்டு ரீபூட் செய்தால், கணினி பாதியில் நின்று எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடுகிறது. பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்த ரெய்டு தொகுப்பு, நேற்றுவரை எம்டி0 என்ற பெயரில் ஒழுங்காக இருந்தது, இன்று காணோம். அல்லது இருக்கிறது, ஆனால் நான்கு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் தெரிகிறது. இந்த நிலையில் எழுதிக் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். பழைய கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் முந்தைய மையநிரலுக்குப் போ என்கிறார் ஒருவர். ஃபோர்ஸ் போட்டு எழுப்பு என்கிறார் இன்னொருவர். தொகுப்பைப் புதிதாக உருவாக்கு, தரவு அப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்கிறார் மூன்றாமவர். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தந்த வழி அவரவருக்குக் கைகொடுத்திருக்கிறது. உங்கள் டிஸ்குக்கும் கைகொடுக்குமா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

எந்த வழி சரி என்று பார்ப்பதற்கு முன், தவறாகப் போனால் எந்த வழியிலிருந்து திரும்பி வர முடியும் என்று பாருங்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கில்தான் போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை நான்கு. டிஸ்கில் எதையாவது எழுதுகிறதா, எழுதினால் அதை மீட்க முடியுமா என்பது முதலாவது. தொகுப்பில் இன்னும் எத்தனை டிஸ்க் விழுந்தால் தாங்கும் என்பது இரண்டாவது: ஒரு டிஸ்க் விழுந்தால் தாங்கும் ரெய்டு 5இல் ஒன்று போயிருந்தால் விடை பூஜ்யம், இரண்டு விழுந்தாலும் தாங்கும் ரெய்டு 6இல் ஒன்று போயிருந்தால் விடை ஒன்று. மூன்றாவது, பேக்கப் எவ்வளவு பழையது, அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பையாவது எடுத்துப் பார்த்தீர்கள் என்பது. நான்காவது நேரம்.

இவற்றைச் சம எடையில் வைக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவருக்கு நேரம்தான் முதலில் கண்ணில் படும். முதல் இரண்டும் தெளியாமல் நேரக் கணக்குப் போடுவதில் பயனில்லை.

## கை வைப்பதற்கு முன் அரைமணி நேரம்

எதையும் எழுதாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. தொகுப்பின் இப்போதைய நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பு, கெர்னல் லாக், ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கை, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியில் எக்ஸாமின் என்று கேட்டால் ஒவ்வொரு உறுப்புக்கும் அது சொல்லும் விவரம். கடைசியாகச் சொன்னதை அப்படியே ஒரு பென் டிரைவில் சேமித்துவிடுங்கள். டிஸ்க் வரிசை, சங்க் அளவு (ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு தடவைக்கு எழுதப்படும் துண்டின் அளவு), டேட்டா ஆஃப்செட் (டிஸ்கில் தரவு தொடங்கும் இடம்) எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு எந்த வழியில் போனாலும் அந்தத் தாள்தான் வரைபடம். டிஸ்குகளை சீரியல் எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒரு ரீபூட்டில் இடம் மாறக்கூடியவை.

அந்த அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஈவன்ட் எண்ணிக்கை. தொகுப்பின் நிலை மாறும்போதெல்லாம் ஏறும் எண் இது. ஒரு ரெய்டு 5 தொகுப்பில் நான்கு டிஸ்குகள் முறையே 48213, 48213, 48209, 31077 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது டிஸ்க் சற்றுமுன் விழுந்தது. நான்காவது எப்போதோ விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. மேம்படுத்தலின் மேல் பழி விழும் கதைகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த தொகுப்பை ரீபூட் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். எச்சரிக்கை மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். ஆனால் உள்ளமைவுக் கோப்பில் முகவரி கொடுத்திருந்தால்தானே போகும்!

ஈவன்ட் எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்து, ஸ்மார்ட் அறிக்கையும் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். டிஸ்க் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை, அடையாளம் காண்பதில்தான் கோளாறு. கீழே உள்ள முதல் இரண்டு வழிகளே போதும். அட்டவணையில் வரும் சூப்பர்பிளாக் என்பது தொகுப்பின் விவரம் ஒவ்வொரு உறுப்பிலும் எழுதியிருக்கும் சிறு பகுதி; ஓவர்லே என்பது அசல் டிஸ்கைத் தொடாமல், எழுதுவதை வேறு கோப்புக்குத் திருப்பும் ஏற்பாடு; ரீபில்டு என்பது விழுந்த டிஸ்கின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் நிரப்புவது.

| வழி | டிஸ்கில் எழுதுவது | திரும்ப முடியுமா | நேரம் |
|---|---|---|---|
| பழைய கெர்னல் | புதிதாக ஒன்றுமில்லை | முடியும் | சில நிமிடம் |
| உள்ளமைவைத் திருத்துதல் | பூட் பகுதியில் மட்டும் | முடியும் | அரைமணி |
| ஃபோர்ஸ் அசெம்பிள் | சூப்பர்பிளாக் | ஓவர்லே இருந்தால் | ஓவர்லேயோடு ஒரு மாலை |
| புது டிஸ்க், ரீபில்டு | புது டிஸ்க் முழுவதும் | பாதியில் இன்னொன்று விழாதவரை | 8 டெராபைட்டுக்குச் சுமார் 15 மணி |
| மறு உருவாக்கம் | எல்லா சூப்பர்பிளாக்கும் | ஓவர்லே இல்லாமல் முடியாது | கணிக்க முடியாது |
| அழித்து பேக்கப்பிலிருந்து | எல்லாம் | பேக்கப் நல்லதாக இருந்தால் | தரவின் அளவைப் பொறுத்து |

## பழைய கெர்னலில் எழுப்புவது

கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் முந்தைய கெர்னல் பெரும்பாலும் இருக்கும். ஃபெடோரா வழக்கமாக மூன்றை வைத்திருக்கும். தேர்ந்தெடுத்து எழுப்பிப் பார்ப்பதற்குச் செலவு இல்லை, விடையும் உடனே கிடைக்கும். பழைய கெர்னலில் தொகுப்பு முழுதாக வந்துவிட்டால் டிஸ்குகள் நலம். கோளாறு புதிய கெர்னலிலோ, அதோடு வந்து கணினி எழும்போது முதலில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்திலோ இருக்கிறது.

வராவிட்டால்தான் குழப்பம். முழுப் பதிப்பு மேம்படுத்தலில் பழைய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸும் புதிய கருவிகளைக் கொண்டு மறுபடி கட்டப்பட்டிருக்கலாம். பெயர்தான் பழையது, உள்ளே இருப்பது புதியது. ஆகவே இங்கே தோல்வி கண்டதும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இந்த வழிதான் மிகச் சரி என்று சொல்லக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு: அளவு வேறுபட்ட டிஸ்குகளைக் கொண்ட ரெய்டு 0, அதாவது மாற்றுப் பிரதி இல்லாமல் தரவைப் பிரித்து அடுக்கும் வகை. கெர்னல் 3.14இல், இப்படிப்பட்ட தொகுப்பில் தரவை அடுக்கும் முறை தவறுதலாக மாறிப்போனது. பிறகு அதைக் கண்டுபிடித்து, 5.4 முதல் எந்த அடுக்குமுறை என்று நீங்கள் சொன்னால்தான் தொகுப்பை எழுப்புவேன் என்று கெர்னலே மறுக்கத் தொடங்கியது. லாக்கில் ரெய்டு 0இன் டிஃபால்ட் லேஅவுட்டை 1 என்றோ 2 என்றோ கொடு என்று கேட்டிருக்கும். 3.14க்கு முந்தைய கெர்னலில் எழுதிய தரவுக்கு 1, அதற்குப் பிந்தையதற்கு 2. இதை ஊகித்துப் போட்டால் பெரிய டிஸ்கின் பின்பகுதியில் உள்ள கோப்புகள் குப்பையாகத் தெரியும். அந்த நிலையில் எழுதவும் செய்தால் உண்மையிலேயே குப்பையாகிவிடும். எந்தக் கெர்னல் எழுதியது என்று நிச்சயமில்லாதவர்கள் பழைய கெர்னலில் எழுப்பி, முதலில் தரவை வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், பழைய கெர்னலிலேயே தங்கிவிடுவதுதான். ஒரு வாரம் என்று நினைத்தது ஒரு வருடமாகும், பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது.

## உள்ளமைவைத் திருத்தி மறுபடி எழுப்புவது

டிஸ்க் எல்லாம் நலமாக இருந்தும் தொகுப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் மருந்து இங்கேதான்.

கணினி எழும்போது முதலில் ஓடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய படிமம். எம்டிஏடிஎம் உள்ளமைவுக் கோப்பின் நகல் ஒன்று அதற்குள் இருக்கும். நீங்கள் வெளியே உள்ள கோப்பைத் திருத்தினாலும் அந்த நகல் மாறாது. படிமத்தை மறுபடி கட்ட வேண்டும்: டெபியன், உபுண்டுவில் அதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது, ஃபெடோரா குடும்பத்தில் டிராகட். நகலில் உங்கள் தொகுப்பின் பெயர் இல்லாவிட்டால் அது எம்டி0க்குப் பதில் எம்டி127 என்று எழும். எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்போ எம்டி0க்காகக் காத்திருக்கும். 90 வினாடி காத்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். திரையில் பார்ப்பவருக்கு ரெய்டு செத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது வேறு பெயரில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். எஃப்எஸ்டேப்பில் எம்டி எண்ணுக்குப் பதில் ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடியை (அதற்கே உரிய அடையாள எண்ணை) எழுதிவைத்தால் இந்தத் தொல்லை மறுபடி வராது.

நலமான டிஸ்கே அடிக்கடி தொகுப்பிலிருந்து உதைத்துத் தள்ளப்படுகிறது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சாதாரண மேசைக்கணினி டிஸ்குகள் படிக்க முடியாத ஓர் இடத்தில் சிக்கினால் இரண்டு மூன்று நிமிடம்கூட முயன்றுகொண்டே இருக்கும். கெர்னல் காத்திருப்பதோ 30 வினாடி. பதில் வரவில்லை என்று டிஸ்கையே வெளியேற்றிவிடும். தெரிந்தவர்கள் டிஸ்கின் முயற்சி நேரத்தை 7 வினாடிக்குக் குறைத்தோ, அதற்கு இடம்கொடாத டிஸ்க் என்றால் கெர்னலின் காத்திருப்பை 180 வினாடிக்குக் கூட்டியோ பூட் ஸ்கிரிப்டில் எழுதியிருப்பார்கள். மின்சாரம் போய்வந்தால் டிஸ்க் அந்த அமைப்பை மறந்துவிடும் என்பதால்தான் ஸ்கிரிப்ட். மேம்படுத்தலில் அந்த ஸ்கிரிப்ட் தொலைந்தால், பல வருடம் ஓடிய தொகுப்பு திடீரென்று உதிரத் தொடங்கும். காரணம் தேடி டிஸ்கை மாற்றிக்கொண்டிருப்போம்.

இந்த வழிக்கு மறைந்த செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் வைக்கும் ரெய்டு 1இல் ரூட் பகுதி (இயங்குதளம் இருக்கும் பகுதி) இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பாதி முன்பே விழுந்திருந்து, படிமம் அந்தப் பழைய பாதியை எடுத்து எழுந்துவிட்டால், மேம்படுத்தியே இராத பழைய கணினியைப் பார்ப்பீர்கள். பேய் பிடித்த மாதிரி இருக்கும். அதில் ஒரு வேலையும் செய்யாதீர்கள். இரண்டு பாதியும் தனித்தனியே மாறிவிட்டால் பிறகு சேர்க்க வழியில்லை, ஒன்றைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

## ஃபோர்ஸ் அசெம்பிள்

ஈவன்ட் எண்கள் சற்றே விலகி நிற்கும்போது இதுதான் வழி. மேலே சொன்ன உதாரணத்தில் 48209 காட்டும் டிஸ்கை ஏற்றுக்கொள் என்று கட்டாயப்படுத்துகிறோம். எம்டிஏடிஎம் அதன் சூப்பர்பிளாக்கைத் திருத்தி, மூன்று டிஸ்கோடு தொகுப்பை எழுப்பும். நான்கு ஈவன்ட் வித்தியாசத்தில் இழப்பு இருந்தால் கடைசி நொடிகளில் எழுதிய சில கோப்புகளில் இருக்கும். 31077 காட்டும் டிஸ்கை இந்த வேலைக்குள் இழுக்கவே கூடாது. அது பழைய உலகத்தில் இருக்கிறது. அதன் தரவும் மற்றவற்றின் தரவும் கலந்தால் ஃபைல்சிஸ்டம் சிதறிவிடும்.

இதை நேரடியாக டிஸ்கின் மேல் செய்வதா, ஓவர்லே போட்டுச் செய்வதா? நான் ஓவர்லே பக்கம். டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் வசதியால் ஒவ்வொரு டிஸ்கின் மேலும் ஒரு கண்ணாடித்தாளை விரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பது அசல் டிஸ்கிலிருந்து, எழுதுவதெல்லாம் வேறு இடத்தில் உள்ள ஒரு கோப்புக்கு. முயற்சி தோற்றால் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அந்தக் கோப்பு நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும் என்பதால், பெரிய ஃபைல்சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகே (பிழைகளைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டுவதாக இருந்தால் தாராளமாக இடம் விடுங்கள். ஓவர்லே போடுவது அலுப்பான வேலைதான். முதல் தடவை எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

தொகுப்பு எழுந்ததும் கை துருதுருக்கும். சாதாரணமாக மவுண்ட் செய்ய வேண்டாம். படிக்க மட்டும் என்று சொன்னாலும் இஎக்ஸ்டி4 வகை ஃபைல்சிஸ்டம் தன் ஜர்னலை (முடிக்காத மாற்றங்களின் குறிப்பேட்டை) எடுத்து எழுதப் பார்க்கும். நோலோடு என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் சும்மா இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதற்கு நோரிகவரி. கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தபின் முதல் வேலை நகலெடுப்பது. ரீபில்டு அப்புறம்.

ஸ்மார்ட் அறிக்கையில் காத்திருக்கும் பழுதுப் பகுதிகள் ஏறிக்கொண்டே போனால் இந்த வழியும் நேரடியாக வேண்டாம். முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு அந்த டிஸ்கை இன்னொன்றுக்கு நகலெடுத்து, அந்த நகலை வைத்துத்தான் தொகுப்பை எழுப்ப வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது டிடிரெஸ்க்யூவின் வழக்கம். சாகிற டிஸ்கிடம் அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும்.

## புது டிஸ்க் போட்டு ரீபில்டு

தொகுப்பு எழுந்துவிட்டது, ஒரு டிஸ்க்தான் குறைகிறது என்ற நிலையில் எல்லோரும் செய்வது இது. ஒரு டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டது, மற்றவை சுத்தம், பேக்கப்பும் இருக்கிறது என்றால் தயங்க வேண்டியதில்லை.

யாரும் சொல்லாத செலவு, மீதி எல்லா டிஸ்கையும் முதல் பகுதியிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும் என்பது. 8 டெராபைட் டிஸ்கை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் சுமார் 15 மணி. சாதாரண டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதமே 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழைக்கு மேல் வராது என்பதுதான். அதாவது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஆனாலும் பெரிய ரெய்டு 5இல் ஒன்று விழுந்த நிலையில் அந்தச் சூதாட்டத்தை பேக்கப் இல்லாமல் ஆட நான் தயாரில்லை. ரெய்டு 6 என்றால் பேச்சே வேறு.

டிஸ்க் தள்ளாடுகிறது, ஆனால் இன்னும் தொகுப்பில்தான் இருக்கிறது என்றால் அதை ஃபெயில் என்று குறித்து வெளியே எடுக்காதீர்கள். ரீப்ளேஸ் என்ற விருப்பம் இருக்கிறது. பழைய டிஸ்கை உள்ளே வைத்துக்கொண்டே புதியதற்கு நகலெடுக்கும்; படிக்க முடியாத இடத்தை மட்டும் மற்ற டிஸ்குகளிடமிருந்து கணக்கிட்டு நிரப்பும். இத்தனை நல்ல வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அதேபோல, நலமான டிஸ்க் சற்றுமுன் தவறி விழுந்திருந்து, தொகுப்பில் ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் வரைபடம்) இருந்தால், மறுபடி சேர்த்தால் போதும். மாறிய பகுதிகள் மட்டும் எழுதப்பட்டு சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

## தொகுப்பை மறுபடி உருவாக்குவது

கிரியேட் கட்டளையை அசியூம்-கிளீன் விருப்பத்தோடு கொடுத்தால் சூப்பர்பிளாக் மட்டும் புதிதாக எழுதப்படும், தரவு அப்படியே இருக்கும். கேட்பதற்கு எளிமைதான். டிஸ்க் வரிசை, சங்க் அளவு, மெட்டாடேட்டா பதிப்பு, டேட்டா ஆஃப்செட் என்று எல்லாம் அப்படியே பொருந்தினால் மட்டும்.

மேம்படுத்தலுக்குப் பிறகு இது ஏன் இரட்டை ஆபத்து என்றால், கருவியின் இயல்பு மதிப்புகள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. சங்க் அளவு ஒரு காலத்தில் 64 கிலோபைட், இப்போது 512. டேட்டா ஆஃப்செட் பழைய தொகுப்புகளில் 1 மெகாபைட் அளவில் இருக்கும். புதிய பதிப்புகள் பெரிய டிஸ்குகளில் 128 மெகாபைட் விட்டு ஆரம்பிக்கின்றன. நானே ஒரு தடவை இதில் மாட்டினேன். வரிசை சரி, சங்க் சரி, தொகுப்பும் அழகாக எழுந்தது, ஆனால் ஃபைல்சிஸ்டமே இல்லை என்றது. எக்ஸாமின் அறிக்கையை எடுத்து வைக்காததால் ஆஃப்செட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து இரண்டு நாள் போயிற்று. அந்த இடைவேளையில் எஃப்எஸ்சிகே ஓட்டாமல் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அசியூம்-கிளீனை மறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: புதிய ரெய்டு 5 என்று நினைத்து, கடைசி டிஸ்கை முதலிலிருந்து கணக்கிட்டு எழுதத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் இந்த வழிக்கு இடமே இல்லையா? ஒரே இடம் இருக்கிறது, சூப்பர்பிளாக்கே அழிந்துபோனால். பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்கையும் உறுப்பாகக் கொடுத்தவர்களுக்கு இது நடக்கும். டிஸ்கின் முடிவில் பழைய ஜிபிடி அட்டவணையின் (பார்ட்டிஷன் பட்டியலின்) நகல் மிச்சமிருந்தால், சில தாய்ப்பலகைகளின் யுஇஎஃப்ஐ, அதாவது கணினியை எழுப்பும் உள்நிரல், முன்பக்கம் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி, அதை நல்லெண்ணத்தோடு மீட்டெழுதும். 1.2 பதிப்பு சூப்பர்பிளாக் டிஸ்கின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கிறது. ஜிபிடி அட்டவணை வந்து உட்காருவது அதே இடத்தில். அப்போது ஓவர்லே போட்டு, சேமித்த விவரங்களை வைத்து மறுபடி உருவாக்கிப் பார்க்கத்தான் வேண்டும். இது தவிர வேறு எந்தச் சூழலிலும், எக்ஸாமின் ஒழுங்காகப் பதில் சொல்லும் தொகுப்பின் மேல் கிரியேட் கட்டளையை ஓட்டச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

## அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து

இதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் அதிகம். நேற்று இரவு எடுத்த பேக்கப் இருக்கிறது, அதிலிருந்து கோப்பு எடுத்துப் பார்த்தும் இருக்கிறீர்கள் என்றால், ஃபோர்ஸ் போட்டு எழுப்பிய தொகுப்பில் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று சந்தேகப்பட்டுக்கொண்டே காலம் தள்ளுவதைவிட இது மேல். புதிய தொகுப்பை இன்றைய இயல்பு மதிப்புகளோடு, பார்ட்டிஷன் போட்டு, வேண்டுமானால் ரெய்டு 6 ஆகவே அமைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை, பழைய டிஸ்குகளின் மேலேயே எழுதாதீர்கள். முடிந்தவரை புது டிஸ்குகளில் மீட்டு, ஒரு மாதம் ஓடிய பிறகு பழையவற்றை அழியுங்கள். பேக்கப்பில் விட்டுப்போன அந்த ஒரு கோப்புறை எப்போதும் மூன்றாவது வாரம்தான் நினைவுக்கு வரும்.

## நிபுணரிடம் கொடுப்பது

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, அல்லது சுழலவே இல்லை, பேக்கப்பும் இல்லை, தரவு போனால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு தடவை எழுப்பிப் பார்க்கலாமே என்ற ஆசையில்தான் ஹெட் தட்டின் மேல் உராய்ந்து தரவைச் சுரண்டுகிறது. தொகுப்பின் எல்லா டிஸ்கையும் கொடுக்க வேண்டும், பழுதானதை மட்டுமல்ல. எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கொடுங்கள். சேமித்து வைத்த எக்ஸாமின் அறிக்கையும், இதுவரை ஓட்டிப் பார்த்த கட்டளைகளின் பட்டியலும் கூடவே போகட்டும். ஃபோர்ஸ் போட்டுப் பார்த்தேன், கிரியேட் போட்டுப் பார்த்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். மறைத்தால் அவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள், அதற்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.